கீப்பரின் கயிறு

அந்தக் கயிற்றை நான் பதினோரு வருஷம் பார்த்திருக்கிறேன். நைலான் கயிறு. வாங்கியபோது வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். மைதானத்துச் செம்மண் ஏறி, அலசி அலசி, கடைசியில் தேநீர்க் கறை போன்ற ஒரு நிறத்துக்கு வந்திருந்தது. சுருட்டி வைத்தால் சின்னத் தலையணை அளவு இருக்கும். இடையிடையே முடிச்சுகள். ஒரே அளவான இடைவெளியில் இல்லை. இரண்டு நெருக்கமாக இருக்கும், அடுத்தது நாலு முழம் தள்ளி இருக்கும். எங்கள் தொழிற்சாலை ஹாக்கி அணியின் கோல்கீப்பர் அதைத் தன் கித்தான் பையில், கால் பேடுகளுக்கு மேலே, எப்போதும் வைத்திருப்பார். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகிறவர். அவ்வளவு பெரிய பேடுகளைக் கூட்டத்தில் கட்டித் தூக்கி வர ஒரு கயிறு வேண்டாமா என்று நானாக நினைத்துக்கொண்டேன். அதில் ஏன் இத்தனை முடிச்சு என்று கேட்கத் தோன்றவில்லை. எழுபத்தொன்பது வயதில் உட்கார்ந்து எழுதும்போது, நான் கேட்காமல் விட்ட கேள்விகளில் அதுதான் முதலாவதாக வந்து நிற்கிறது.

பெங்களூரில் அரசுக்குச் சொந்தமான ஒரு பெரிய தொழிற்சாலையில் நான் விளையாட்டு அதிகாரியாக இருந்தேன். நான் விளையாட்டுக்காரன் அல்ல. ஆங்கில இலக்கியம் படித்தவன். நன்றாக எழுதுவேன் என்பதால் அந்த நாற்காலி கிடைத்தது. எந்த அணி எந்த ஊருக்குப் போக வேண்டும், யாருக்கு விடுப்பு, யாருக்குப் புது பூட்ஸ் என்று பார்ப்பது, வீரர்களைப் பற்றி மேலிடத்துக்குக் குறிப்பு அனுப்புவது, தொழிற்சாலையின் மாதப் பத்திரிகையில் ஆட்டங்களை வர்ணித்து எழுதுவது என் வேலை. கடைசியாகச் சொன்னதில் எனக்கு நல்ல பெயர். மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. வேலையில் கன்னடமும் ஆங்கிலமும், வீட்டில் தமிழ். கீப்பரிடம் தமிழில் பேசுவேன். ஒரே மொழிக்காரர் என்ற உரிமையில் அவரை வா, போ என்றேன். அவர் என்னை சார் என்றார். அணியில் வேறு யாரையும் நான் அப்படி அழைத்ததில்லை. அது மொழியின் உரிமை மட்டும்தானா என்று அப்போது என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

அவருடைய தகப்பனார் தங்கச் சுரங்கத்தில், பூமிக்கு அடியில், கூரை சரியாதபடி மரத்தால் முட்டுக் கொடுக்கும் வேலை செய்தவர். அதற்கு முந்தைய தலைமுறை வட ஆற்காட்டிலிருந்து வந்தது. கீப்பர் சுரங்கத்துக்குள் வேலைக்கு இறங்கியதே இல்லை. தங்கவயல் மைதானங்களில் ஆடி, விளையாட்டுக் கோட்டாவில் எங்களிடம் வந்து சேர்ந்தார். நல்ல கறுப்பு. கோல்கீப்பருக்கு வேண்டிய உயரம் இல்லை. கை நீளமும் கிடையாது. இதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் சுரங்கத்து ஆள் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தெரிந்தது, அதோடு பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு உடம்பே வேறு, எலும்பே வேறு என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். வலி தெரியாது என்பார்கள். ஒரு ஆட்டத்தில் பந்து கழுத்தெலும்பில் பட்டு விழுந்த அவர் எழுந்து நின்றபோது, பக்கத்தில் இருந்த மருத்துவர்கூட அவசரப்படவில்லை. பயிற்சி நாளில் மின்சாரம் போய் உடை மாற்றும் அறை இருண்டால், "கீப்பர், கொஞ்சம் பல்லைக் காட்டுப்பா, சட்டையைத் தேடணும்" என்று யாராவது கன்னடத்தில் சொல்வார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "நான் ஒருத்தன் காட்டினா பத்தாது, கோல் போடத் தெரியாத பத்து பேரும் காட்டுங்க, ஊருக்கே வெளிச்சம் வரும்" என்பார். அதற்கும் சிரிப்பார்கள். நானும் அங்கே நின்று சிரித்திருக்கிறேன்.

நான் யாரையும் அப்படிக் கேலி செய்ததில்லை. என் தவறு வேறு வகை. நான் புகழ்ந்தேன்.

தொழிற்சாலைகளுக்கு இடையிலான போட்டி ஒன்றின் இறுதியாட்டத்தில், ஆட்டம் முடியப் போகும் நேரத்தில், எதிரணிக்கு ஒரு பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. ஏழு கஜத் தூரத்திலிருந்து ஒருவன் அடிப்பான், தடுக்க கீப்பர் ஒருவர் மட்டும். பந்து மட்டையை விட்டுக் கிளம்பியபோது அவர் ஏற்கெனவே அந்த இடத்தில் இருந்தார். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. இடது கையை நீட்டிப் பிடிக்கக்கூட இல்லை. பந்து வந்து அவர் மேல் பட்டு விழுந்தது. நாங்கள் கோப்பையோடு திரும்பினோம். அன்று மாலையே உட்கார்ந்து எழுதினேன். தலைமுறை தலைமுறையாகப் பூமியின் இருட்டைத் துழாவியவர்களின் கண்கள் இந்த மனிதனுக்கு வாய்த்திருக்கின்றன, பூனைக்குப் போல அவனுக்கு எதுவும் கற்றுத்தர வேண்டியதில்லை, கற்றுத்தரவும் முடியாது என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்துத் திருத்தியது நினைவிருக்கிறது. மேலாளர்கள் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்று எடுத்துப் போட்டது. கீப்பர் பத்திரிகையை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்து, அர்த்தம் சொல்லச் சொன்னார். தமிழில் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "எங்க நைனா கண்ணு மங்கிப்போய்தான் சார் வேலைய வுட்டாரு" என்றார். நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு நான் சிரித்தேன். அவர் பத்திரிகையை மடித்துப் பையில், அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில், வைத்துக்கொண்டு போனார்.

விளையாட்டுக் கோட்டாவில் வந்தவர்களுக்குப் பொதுவாக ஸ்டோரிலோ அலுவலகத்திலோ இலேசான வேலை கொடுப்பது வழக்கம். அவரை மட்டும் ஃபோர்ஜ் ஷாப்பில் போட்டிருந்தார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சுத்தியல் இயந்திரத்துக்குக் கீழே பிடித்துத் திருப்பும் வேலை. இரும்புத் தகட்டுத் தரையில் நாள் முழுக்க நிற்க வேண்டும். சுத்தியல் விழும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி பாதம் வழியாக முழங்காலுக்கு ஏறும். எங்கே போடலாம் என்று பணியாளர் பிரிவில் என்னைக் கேட்டார்கள். அவன் தாங்குவான் என்று நான் சொன்னேன். மைதானத்திலும் ஷாப்பிலும் மூட்டு தேய்ந்து ஒன்பது வருஷம் போன பிறகு அவர் படி இறங்கும்போது பக்கவாட்டில் இறங்க ஆரம்பித்தார். தொழிற்சாலை மருத்துவர், நின்று செய்யும் வேலையை விடாவிட்டால் கால் போய்விடும் என்று சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் அணியின் பழைய பயிற்சியாளர் ஓய்வு பெற்றார். பயிற்சியாளர் ஆகிவிட்டால் ஷாப் வேலை கிடையாது. காலையும் மாலையும் மைதானம், நடுவில் ஒரு மேசை. கீப்பர் விண்ணப்பம் போட்டார்.

இன்னொரு விண்ணப்பம் எங்கள் அணியின் நடுக்களத்தில், சென்டர் ஹாஃபாக, ஆடியவருடையது. பசவனகுடிக்காரர், பட்டதாரி, சிவந்த மனிதர், ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். நல்லவர், இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆட்டம் சுமார்தான். ஆனால் மாலைப் பயிற்சியில் எல்லோரும் போன பிறகும் பந்தை வைத்துத் தனியாக அடித்துக்கொண்டிருப்பார். அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். பாவம், எவ்வளவு உழைக்கிறார், என்ன மூளை என்று நாங்கள் பேசிக்கொள்வோம். கீப்பர் தனியாகப் பயிற்சி செய்து நாங்கள் பார்த்ததில்லை. மாலையில் ஆட்டம் முடிந்ததும் தங்கவயல் ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவார். நாங்கள் கண்ணால் பார்த்த உழைப்புதான் எங்களுக்கு உழைப்பு.

பயிற்சியாளர் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடும் இடத்தைப் பார்க்க நான் ஒரு நாள் காலை ஏழரைக்கே மைதானத்துக்குப் போனேன். அங்கே கீப்பர் இருந்தார். கயிற்றின் ஒரு முனை இடது கோல் கம்பத்தில், மறுமுனை வலது கம்பத்தில் கட்டியிருந்தது. கயிற்றின் நடுப்பகுதி எதிரே தள்ளி, கோலுக்கு முன்னால் வளைந்து போகும் கோட்டின் மேல் அடித்த ஒரு இரும்பு முளையில் மாட்டியிருந்தது. அவர் அந்த முக்கோணத்துக்குள், பேடு கட்டாமல், கைகளை விரித்து நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பக்கவாட்டில் நடந்து வந்தார்.

"சார், ஒரு பத்து நிமிஷம் பாருங்க. கோச் வேலைக்கு எழுதிக் குடுத்திருக்கேன். எனக்குச் சொல்லிக் குடுக்க வரும் சார். எப்படின்னு காட்டறேன்."

"உனக்கு எதுக்குப்பா இதெல்லாம்? உனக்கு ரத்தத்திலேயே இருக்கு. யோசிச்சு யோசிச்சு அதைக் கெடுத்துக்காதே."

"ரத்தத்துல இல்ல சார். கயித்துல இருக்கு."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மீட்டிங் இருக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றேன். சரி சார் என்றார். முளையிலிருந்து கயிற்றைக் கழற்றி, உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சுற்ற ஆரம்பித்தார். நான் பந்தல் போடும் இடத்தைக் காலால் அளந்துவிட்டு அறைக்குப் போனேன்.

தேர்வுக் குழு என் கருத்தை எழுத்தில் கேட்டிருந்தது. எழுதினேன். கீப்பரைப் பற்றி என்னிடம் இருந்த எல்லா நல்ல சொற்களையும் செலவழித்தேன். இப்படிப்பட்ட ஒருவர் நம் அணிக்குக் கிடைத்தது பாக்கியம், அவருடைய திறமை பிறப்பிலேயே வந்தது, அது அவர் யோசித்துச் செய்வதல்ல, ஆகவே அதை அவரால் இன்னொருவருக்கு எடுத்துச் சொல்ல முடியாது. பயிற்சியாளராக வருபவர் இயற்கையின் கொடை இல்லாமல் உழைப்பாலும் மூளையாலும் கற்றவராக இருந்தால் நல்லது. இதைத் தட்டச்சு செய்யக் கொடுத்தபோது என் மனத்தில் துளி வஞ்சம் இல்லை. அதுதான் இன்றைக்கு என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. வஞ்சம் இருந்திருந்தால் எப்போதாவது ஒரு நாள் மனம் கூசி என்னைத் தடுத்திருக்கும். அந்தக் கடிதத்தில் ஒரு நல்ல காரியம் செய்தவனின் நிம்மதியோடு கையெழுத்திட்டேன்.

சென்டர் ஹாஃப் பயிற்சியாளர் ஆனார். கீப்பர் இன்னும் இரண்டு வருஷம் ஆடினார், பிறகு ஆட்டம் நின்றது, ஷாப் வேலை நிற்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வணக்கம் சொல்வதையும் விடவில்லை. கால் முடியாமல் முன்கூட்டியே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போன நாளில், பிரிவுபசாரக் கூட்டத்தில் நான்தான் பேசினேன். இருட்டைத் துழாவிய கண்கள் என்பதை மறுபடியும் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். மாலை போட்ட கழுத்தோடு அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பல வருஷங்கள் அவரை நினைக்கக் காரணம் எதுவும் வரவில்லை. மனைவி போன பிறகு வைட்ஃபீல்டில் மகனோடு இருக்கிறேன். பதினாலாவது மாடி. ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் ஐரோப்பிய கால்பந்து ஆட்டங்களைப் போடுவான். எனக்கு ஒரு அணியும் தெரியாது, அவனோடு உட்கார்ந்திருப்பதற்காகப் பார்ப்பேன். போன மழைக்காலத்தில் ஒரு மாலை, ஒரே அணியில் ஆடும் இரண்டு பேரைப் பற்றி வர்ணனையாளர் பேசிக்கொண்டிருந்தார். ஒருவன் கறுப்பன், பின்னால் நின்று தடுக்கிறவன். இன்னொருவன் வெள்ளையன், நடுவில் ஆடுகிறவன். வெள்ளையனைப் பற்றிப் பேசும்போது மூளை, கணிப்பு, உழைப்பு என்றார். கறுப்பனுக்கு பலம், வேகம், இயற்கை தந்த உடம்பு என்றார். கறுப்பன் ஒரு பந்தை வழிமறித்தான். ஓடிக்கூட இல்லை. இரண்டடி நகர்ந்து நின்றான், பந்து அவனிடம் வந்தது. வர்ணனையாளர் மறுபடியும் வேகம் என்றார். மகன் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "அவங்களுக்கு அது ஜீன்லயே இருக்குப்பா, சொல்லிக் குடுக்கவே வேணாம்" என்றான்.

என் வாக்கியம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் மூன்று முறை திருத்தி எழுதியதை என் பிள்ளை ஒரு திருத்தமும் இல்லாமல் சொல்லிவிட்டான். திரையில் பந்து அந்த ஆட்டக்காரனிடம் வந்ததும், அன்று பெனால்டி ஸ்ட்ரோக் கீப்பர் மேல் வந்து பட்டதும் ஒரே காட்சியாகத் தெரிந்தன. அவர் பாயவில்லை, நின்றார். எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்து நின்றார். அதைப் பூனை என்று எழுதியவன் நான். டீ ஆறிப்போனதை மகன் சொன்ன பிறகுதான் பார்த்தேன்.

மறுநாள் பழைய சென்டர் ஹாஃபின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அவருக்கும் எழுபது தாண்டிவிட்டது, காது மந்தம். கயிற்றைப் பற்றிக் கேட்டதும் கன்னடத்தில் உற்சாகமாக ஆரம்பித்துவிட்டார். அது கோணம் பார்க்கும் கயிறு. பந்து இருக்கும் இடத்தில் முளை, இரண்டு கம்பத்துக்கும் கயிறு. அந்த இரண்டு கயிற்றுக்கு நடுவேதான் பந்து வர முடியும். கீப்பர் முன்னே நடந்து வந்தால் ஒரு இடத்தில் இரண்டு பக்கத்துக் கயிறும் அவர் கைக்கு எட்டும். அங்கே நின்றுவிட்டால் உயரம் வேண்டாம், பாய வேண்டாம். அந்த இடத்துக்கு ஒரு முடிச்சு. முளையை வேறு இடத்துக்கு மாற்றினால் இன்னொரு முடிச்சு. சுரங்கத்தில் முட்டு மரம் வெட்டுவதற்கு முன் கூரையின் உயரத்தை முடிச்சுப் போட்ட கயிற்றால் அளப்பார்களாம். தகப்பனார் வீட்டில் செய்து காட்டியதைப் பார்த்து அவராகக் கண்டுபிடித்ததாம். "நான் கோச் ஆனதும் கோல்கீப்பர்களுக்கு என்ன சொல்லிக் கொடுப்பேன் சார்? எனக்கு அங்கே எப்படி நிற்பதென்றே தெரியாது. அவர்தான் வேலைக்கு முன்னால் வந்து கயிறு கட்டிச் சொல்லித் தருவார். நான் விசில் ஊதுவேன்" என்றார். பிறகு, கீப்பருடைய ஷிப்டுக்கு இரண்டாவது ரயிலே போதும், முதல் ரயிலில் வந்ததே மைதானத்துக்காகத்தான், பதினோரு வருஷமும் அப்படித்தான் என்றார். "உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன் சார்." எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. உடனே, கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது என்றும் தோன்றியது.

கீப்பர் இப்போது ஹெப்பகோடியில் மகள் வீட்டில் இருப்பதாக அவர்தான் சொன்னார். ஊதா, பச்சை, மஞ்சள் என்று மூன்று மெட்ரோத் தடங்கள் மாறிப் போனேன். இந்த வயதில் அது ஒரு நாள் வேலை. சந்துக்குள் இரண்டாம் மாடியில் ஒரு சின்ன வீடு, முன்னால் திறந்த மொட்டை மாடி. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழப் பார்த்து, முடியாமல், "குந்துங்க சார், குந்துங்க" என்றார். கீழே இறங்கி எட்டு மாதம் ஆகிறதாம். இறங்கினால் ஏற வேண்டுமே என்று இறங்குவதில்லை. அவரை எப்படி அழைப்பது என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். நீங்கள் என்று ஆரம்பித்தேன். அவர் சற்று ஆச்சரியமாகப் பார்த்தார்.

மகள் பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியில் சூபர்வைசர். மாலை ஷிப்டுக்குப் புறப்படும் அவசரத்தில் காபி கொண்டுவந்து வைத்தாள். நான் யார் என்று கேட்டதும், "ஓ, பேப்பர்ல எழுதின சாரா?" என்று சிரித்தாள். மேல்வரிசையில் ஒரு பல் பாதி உடைந்திருந்தது. "உங்களாலதான் சார் இது. நைனா பத்தி நீங்க எழுதினத எங்க ஸ்கூல் பி.டி. மாஸ்டர் படிச்சிட்டாரு. ரத்தத்துல இருக்கு, நீ கோல்ல நில்லுன்னு நிக்க வெச்சிட்டாரு. எனக்குப் பந்துன்னாலே பயம். மொத பந்து நேரா வாய்லதான் வாங்கினேன்."

"ரத்தத்துல இருந்துச்சே, வாயெல்லாம்" என்றார் கீப்பர். இருவரும் சிரித்தார்கள். நெடுநாளாக வீட்டில் ஓடும் வேடிக்கை போல. அவள் பையை எடுத்துக்கொண்டு, "நைனா, மாத்திரை போட்டுக்கோ. துணி காஞ்சா பக்கத்து வீட்டு அக்காகிட்ட எடுக்கச் சொல்லு, நீ எழுந்திருக்காத" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. பயிற்சியாளர் வேலை உங்களுக்குக் கிடைக்காமல் போனதற்கு என் கடிதம்தான் காரணம், உங்களால் பிறருக்குக் கற்றுத்தர முடியாது என்று நான்தான் எழுதினேன், உங்களை ஃபோர்ஜில் போடலாம் என்று சொன்னதும் நான்தான் என்றேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் சார். லெட்டர டைப் அடிச்ச பையன் அன்னிக்கே கேன்டீன்ல சொல்லிட்டான்."

"பிறகு ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை?"

"இன்னான்னு கேக்கறது சார்? என்னைத் திட்டி எழுதியிருந்தா சண்டைக்கு வந்திருப்பேன். யூனியன்ல சொல்லியிருப்பேன். நீங்க புகழ்ந்து இல்ல எழுதியிருந்தீங்க. புகழ்ந்தவங்ககிட்ட எப்படி சார் சண்டை போடறது?"

குரலில் கோபம் இல்லை. பல வருஷம் யோசித்து, யோசிப்பதிலும் சலித்துப்போய், பதில் தெரியாமல் விட்டுவிட்ட ஒன்றைக் கேட்பது போலக் கேட்டார். சந்தில் ஒரு தண்ணீர் லாரி பின்னால் வருவதற்கு ஒலியெழுப்பிக்கொண்டே இருந்தது. மன்னித்துவிடுங்கள் என்றேன். "விடுங்க சார், வயசாயிடுச்சி நம்ம ரெண்டு பேருக்கும்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்தது அவருக்கும் தெரிந்திருக்கும்.

கிளம்ப எழுந்தபோதுதான் மேலே பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து படிக்கட்டுக் கம்பி வரைக்கும், திரும்பி இன்னொரு தடவை, கொடி கட்டியிருந்தது. மகளின் கம்பெனிச் சீருடைகள் வரிசையாகத் தொங்கின. காற்றில் துணி ஒரு பக்கமாக ஒதுங்காமல் அங்கங்கே முடிச்சுகள் தடுத்து நிறுத்தியிருந்தன. இரண்டு நெருக்கமாக, அடுத்தது நாலு முழம் தள்ளி. நிறம் எனக்குத் தெரிந்த நிறம். நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் குரல் எனக்கே சின்னப் பிள்ளையுடையது போலக் கேட்டது. எந்த முடிச்சு எந்த இடத்துக்கு என்று இப்போதாவது எனக்குக் காட்டுவீர்களா என்று கேட்டேன்.

அவர் கொடியைப் பார்த்தார். கடைசியில் தொங்கிய சீருடையின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"துணி ஈரமா இருக்கு சார்" என்றார். "இன்னொரு நாள் பாக்கலாம்."

சரி என்றேன். படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு காலாக இறங்கினேன். மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. பெட்டி மேம்பாலத்தின் மேல் ஊரைக் கடந்து போகும்போது அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். துணி ஈரமாக இருந்தது உண்மை. மைதானத்தில் அவர் கயிறு கட்டி நின்ற அந்தக் காலையில் எனக்கு மீட்டிங் எதுவும் இருக்கவில்லை.